நாலாம் வகுப்பு வாசலில் கருவாயன்

ஆசிரியர் வேலையை விட்டுவிடுவது என்று நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது முடிவு செய்வேன். பெரும்பாலும் அது வியாழக்கிழமையாக இருக்கும். திங்கட்கிழமை ஏதோ சாதிக்கப் போகிறோம் என்று ஒரு தெம்பு இருக்கும். வெள்ளிக்கிழமை, அடுத்து லீவு என்கிற தெம்பு. வியாழக்கிழமைக்கு எந்தத் தெம்பும் கிடையாது. தொண்டை கட்டியிருக்கும், சேலையெல்லாம் சாக்பீஸ் தூளாக இருக்கும், எவனாவது ஒருவன் இன்னொருவன் மண்டையை ஸ்லேட்டால் பிளந்திருப்பான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். கோம்பைக்கு மேற்கே, மலை அடிவாரத்தை ஒட்டிய ஊர் ஒன்றில் ஆரம்பப் பள்ளி. நான் பிறந்து வளர்ந்தது தேனி கடைவீதியில். அப்பாவுக்கு அங்கே இரும்புக் கடை. உத்தமபாளையத்தில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வந்தேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் குழந்தை என்பது ஒரு பூ என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பூ மூக்குக்குள் புளியங்கொட்டையைத் திணித்துக்கொண்டு "டீச்சர், வரமாட்டேங்குது" என்று வந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கொடுத்தது நாலாம் வகுப்பு. ஒருவன் "ஒண்ணுக்கு டீச்சர்" என்று விரலைக் காட்டினால் அவன் பெஞ்சே எழுந்து போகும். திராட்சைப் பருவத்தில் வகுப்பு முழுக்க வாய் ஊதாவாக இருக்கும், "தோட்டத்துல திருடித் தின்னியா?" என்று கேட்டால் ஊதா நாக்கைக் காட்டி "இல்ல டீச்சர்" என்று சத்தியம் செய்வார்கள். கேரளா எஸ்டேட்டில் கொஞ்ச நாள் இருந்து வந்த பிள்ளைகள் சிலர் உண்டு. முதல் வாரம் அவர்களில் ஒருவன் ஓடிவந்து "டீச்சர், வெள்ளம்!" என்றான். நான் ஆற்றில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பதறி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவன் பின்னாலேயே வந்து பானையைக் காட்டி, "வெள்ளம் தீந்து போச்சு" என்றான். (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். அதைப் பயிற்சிப் பள்ளியில் ஏன் சொல்லவில்லை?)

இத்தனை சத்தத்துக்கும் நடுவில் ஒருத்தி மட்டும் வாயே திறக்க மாட்டாள். அவள் பெயர் பேச்சியம்மாள்.

பெயரைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்து அவள் என்னிடம் ஒரு சொல் பேசியது கிடையாது. வருகைப் பதிவின்போது பக்கத்தில் இருக்கும் செல்லத்தாய்தான் அவளுக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொல்லுவாள். கேள்வி கேட்டால் பேச்சி எழுந்து நிற்பாள். என் முகத்தையே பார்ப்பாள். நானும் அவள் முகத்தையே பார்ப்பேன். கடைசியில் நான்தான் தோற்றுப்போய் "உக்காரு" என்பேன்.

"ஏன்டி செல்லத்தாயி, இவ ஊமையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல டீச்சர். பள்ளிக்கூடத்துலதான் பேச மாட்டா."

கெஞ்சினேன், மிரட்டினேன், ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன். மிட்டாயை வாங்கிக்கொள்ள மட்டும் வாய் திறந்தது. நான் சொல்வது இந்தப் பிள்ளையின் காதுக்குள் போகிறதா இல்லையா என்பதே தெரியாமல் மாசங்கள் போயின. சுவரிடம் பாடம் நடத்தினாலாவது எதிரொலி வரும்.

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் வரப் போவதாகத் தகவல் வந்தது. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் உள்ளூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் இன்ஸ்பெக்டர் என்ற சொல்லைக் கேட்டாலே வேட்டி நுனியை முறுக்க ஆரம்பித்துவிடுவார்.

"கிரேசு டீச்சர், ஒங்க தகுதிகாண் பருவம் முடியப் போகுது. அவுக சரின்னு சொன்னாத்தான் வேலை உறுதியாகும். மாதிரிப் பாடம் ஒண்ணு நீங்கதான் எடுக்கணும். துணைக்கருவி இல்லாம எடுத்திராதீக, அவுகளுக்குத் துணைக்கருவிதான் முக்கியம்."

படம், அட்டை, களிமண் பொம்மை என்று பாடத்துக்குத் துணையாகக் காட்டுகிற எல்லாமே எங்கள் பாஷையில் துணைக்கருவி. வேலை உறுதியாகாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "கடையில ஆணி நிறுத்துப் போட ஒரு ஆள் வேணும். முடியலைன்னா வந்துரு." வாழ்நாள் முழுக்க ஆணி நிறுப்பதை நினைத்துப் பார்த்தேன். (வியாழக்கிழமைகளில் அது அப்படியொன்றும் மோசமாகத் தோன்றாது. அன்று திங்கட்கிழமை.)

நான் தேர்ந்தெடுத்த பாடம் 'வீட்டு விலங்குகள்'. எல்லோரும் படம் காட்டுவார்கள். நாம் உயிரோடு காட்டினால் என்ன என்று எனக்கு ஓர் அபார யோசனை உதித்தது. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் வகுப்பில் அறிவித்தேன்:

"நாளைக்கு ஒங்க வீட்ல வளக்குறதக் கொண்டாங்க. சின்னதாப் பாத்துக் கொண்டாங்க."

'சின்னதா' என்பது எந்த அளவு என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் என் வகுப்பு சந்தையாகிவிட்டது. கூடைக்குள் இரண்டு கோழி. ஒருவன் சட்டைப் பைக்குள் அணில். ஒரு கூண்டில் புறா. செல்லத்தாய் ஒரு வெள்ளாட்டுக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் நான் மாட்டியிருந்த பசு மாட்டுப் படத்தின் பின்னங்கால்களை அது ஏற்கெனவே தின்றுவிட்டது.

மணி அடித்த பிறகு, எல்லோருக்கும் கடைசியாகப் பேச்சி வந்தாள். கூடவே ஒரு கோம்பை நாய்.

கோம்பை நாயைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். செவலை நிறம். மூஞ்சி மட்டும் கரியில் முக்கி எடுத்த மாதிரி கறுப்பு. இந்த நாயின் தலை பேச்சியின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. அவள் அதன் கழுத்துக் கயிற்றைக்கூடப் பிடிக்கவில்லை. சும்மா கையை வீசிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். நாய் வகுப்பை ஒரு சுற்று பார்த்தது. செல்லத்தாயின் மடியிலிருந்த குட்டி "ம்மே" என்றது. உடனே நாயின் காது இரண்டும் எழுந்து நின்றன. அது நிதானமாகத் திரும்பி, வாசலுக்குப் போய், நிலைப்படியின் குறுக்கே படுத்துக்கொண்டது.

"பேச்சி, இதக் கொண்டுபோய் வெளிய மரத்துல கட்டும்மா" என்றேன்.

பேச்சி எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் உயரமான மனிதர். கஞ்சி போட்ட பேண்ட், கையில் குடை. ஹெட்மாஸ்டர் முன்னால் ஓடிவந்து "இங்கனதான்யா மாதிரி வகுப்பு" என்று வழிகாட்டினார். இன்ஸ்பெக்டர் படியில் கால் வைத்தார்.

கருவாயன் எழுந்தது. (அதன் பெயர் கருவாயன் என்று பிறகு தெரிந்தது.) ஒரு நாய் குரைத்தால், பயப்படலாமா வேண்டாமா என்று யோசிக்க நமக்குக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். கருவாயன் குரைக்கவில்லை. பல்லை மட்டும் காட்டியது.

இன்ஸ்பெக்டர் "சூ!" என்று குடையை ஓங்கினார். அடுத்த நொடி குடை நாயின் வாயில் இருந்தது. அவர் இழுத்தார். அது விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் குடையை விட்டுவிட்டு, தன் பதவிக்குப் பொருந்தாத வேகத்தில் ஜீப்பை நோக்கிப் போனார். நாய் குடையை நிலைப்படியில் வைத்து, அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது.

"டீச்சர்! அந்த நாயப் பிடிச்சுக் கட்டுங்க!" என்று வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து ஹெட்மாஸ்டர் கத்தினார்.

நான் இரண்டடி எடுத்து வைத்தேன். கருவாயன் திரும்பி என்னைப் பார்த்து உறுமியது. நான் அந்த இரண்டடியையும் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

"அது ஒங்களையும் விடாது டீச்சர்" என்றாள் செல்லத்தாய். "ஆட்டுக்குட்டி உள்ள இருக்குல்ல? அதான் இதத் தொழுன்னு நெனச்சுக்கிருச்சு. தொழுவுக்குள்ள அசலாளும் வரப்பிடாது, உள்ள இருக்குறதும் வெளிய போகப்பிடாது. பேச்சியோட அப்பா அப்பிடித்தான் பழக்கியிருக்காக."

நாலாம் வகுப்பை ஆட்டுத்தொழுவம் என்று அது நினைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானே அப்படி நினைத்ததுண்டு. ஆனால் இதை இன்ஸ்பெக்டர் முன்னால்தானா நிரூபிக்க வேண்டும்?

அறைக்கு ஒரே வாசல். சன்னல்களில் கம்பி. நாயை யார் சொன்னால் கேட்கும் என்று விசாரித்தேன்.

"அவுக அப்பா சொன்னாக் கேக்கும். அவுக கம்பத்துல ஜீப்பு ஏறி எஸ்டேட்டுக்குப் போயிட்டாக, சாயந்தரந்தான் வருவாக. இல்லாட்டி, பேச்சி சொன்னாக் கேக்கும்."

எல்லாத் தலையும் பேச்சி பக்கம் திரும்பியது. பேச்சி தரையைப் பார்த்தாள்.

"பேச்சி, கண்ணுல்ல? தங்கம்ல? ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா. அத வரச் சொல்லு."

அவள் தரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையைப் பிடித்து வாசல் பக்கம் கூட்டிப் போகலாம் என்றால், அவளைத் தொட்டதுமே கருவாயனின் தொண்டைக்குள் மோட்டார் ஓட ஆரம்பித்தது. கையை எடுத்தேன். மோட்டார் நின்றது.

ஹெட்மாஸ்டர் இன்ஸ்பெக்டருக்காக வாங்கி வைத்திருந்த உளுந்தவடையைத் தட்டோடு எடுத்துவந்து, தூரத்திலிருந்தே ஒவ்வொன்றாக நாய் முன்னால் வீசினார். கருவாயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து வெளியே வந்துவிட்ட கோழிகள் இரண்டும் அதன் மூக்கின் முன்னாலேயே வடையைக் கொத்தித் தின்றன. அவற்றையும் அது ஒன்றும் செய்யவில்லை. தொழுவைச் சேர்ந்தவை என்று கணக்கில் எடுத்துக்கொண்டது போலும்.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தைரியம் பெற்று, சன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கம்பிக்குள்ளிருந்து நானும், கம்பிக்கு வெளியிலிருந்து அவரும் பார்த்துக்கொண்டது, சிறையில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

"சரி, பாடத்தை ஆரம்பிங்க" என்றார்.

ஆரம்பித்தேன். அவரே கேள்வியும் கேட்டார்.

"பசு நமக்கு என்ன தருகிறது?"

"சாணி!" என்று வகுப்பே கோரஸாகச் சொன்னது.

"நாயினால் நமக்கு என்ன பயன்?"

மாரியப்பன் எழுந்தான். காலையிலிருந்து 'ஒண்ணுக்கு' என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தவன் அவன். காலைப் பின்னிக்கொண்டு நின்றான். "இன்ஸ்பெக்டர உள்ள விடாதுங்கய்யா."

கேட்ட கேள்விக்குச் சரியான, உதாரணத்தோடு கூடிய பதில். ஆனால் இன்ஸ்பெக்டர் முகம் சிவந்துவிட்டது.

"இந்த நாயை யார் கொண்டு வரச் சொன்னது?"

"டீச்சர்!" அதையும் கோரஸாகத்தான் சொன்னார்கள். நான் நடத்திய எந்தப் பாடத்துக்கும் அத்தனை ஒற்றுமையாகப் பதில் வந்ததில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா நாய் வந்துடுமாமே. ஜூன்லேருந்து உங்க வகுப்புல இருக்கு. ஒரு குழந்தையை ஒரு வார்த்தை பேச வைக்க முடியலையா உங்களால?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த நேரம் பார்த்து ஒரு கோழி என் மேசைமேல் ஏறி உட்கார்ந்தது. ஆணி எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். ஆணி ஆட்களை மறிக்காது.

இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார். ஹெட்மாஸ்டரிடம் சொன்னார்: "இது வெறிநாயா இருக்கும். பஞ்சாயத்து ஆளுங்களைக் கம்போட வரச் சொல்லுங்க. அடிச்சுப் போட்டுட்டு..."

"அது ஒண்ணும் வெறிநாயில்ல!"

அறை அதிர்ந்தது. ஓட்டின் மேலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. யார் பேசியது என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. வளர்ந்த ஆள் யாரோ உள்ளே வந்துவிட்டார் என்றே நினைத்தேன். ஓடைக்கு அந்தக் கரையில் மேயும் ஆட்டை இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பேச்சி பெஞ்சுமேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"அதுக்கு வெறியெல்லாம் இல்ல! நீங்க கொடைய ஓங்குனீக, அதான் பிடிச்சுச்சு! அடிச்சீகன்னா எங்க அப்பாகிட்டச் சொல்லிருவேன்! ஏலே கருவாயா, இங்கன வா!"

கருவாயன் எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. இவ்வளவுதான் விஷயம் என்பதுபோல் ஒரு கொட்டாவி வேறு விட்டது.

"பேச்சி!" என்றேன். "நீ பேசுவியா? ஏம்மா இத்தனை நாளாப் பேசல?"

அவள் சன்னல் பக்கம் கையை நீட்டினாள். "ரெண்டாப்பு படிக்கையில பெரிய சார் சொன்னாக. 'கத்தாத, நான் சொல்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குள்ள நீ வாயத் தொறக்கப்பிடாது'ன்னு. அவுக இன்னும் சொல்லல."

எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தோம். காலி வடைத் தட்டைப் பிடித்தபடி அவர் நின்றார். வேட்டி நுனியை முறுக்கக்கூட மறந்துவிட்டார்.

"நானா சொன்னேன்?" என்றார். பிறகு நினைவு வந்துவிட்டது. "என் ரூமுக்கு அடுத்த ரூமுல இருந்துச்சுய்யா இந்தப் புள்ள. இது வாய்ப்பாடு சொன்னா எனக்குக் காது அடைச்சுப் போகும். அன்னைக்கி ஒரு நாளைக்கித்தான்யா சொன்னேன்..." அவர் கம்பிக்கு அருகில் வந்தார். "ஆத்தா, பேசு ஆத்தா. தாராளமாப் பேசு."

நான் செல்லத்தாய் பக்கம் திரும்பினேன். "ஒனக்கு இது தெரியும்ல? ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஊமையான்னுதான டீச்சர் கேட்டீக?"

இன்ஸ்பெக்டர் வாசல் வழியாக வந்தார். அதாவது, வர முயன்றார். வழி திறந்துவிட்டதைப் பார்த்த மாரியப்பன் முதலில் பாய்ந்தான். அவன் பின்னால் மொத்த நாலாம் வகுப்பும், இன்ஸ்பெக்டரை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு, வேலியோரத்துக்கு ஓடியது. மாதிரி வகுப்பைப் பார்க்கக் கடைசியில் அவர் உள்ளே நுழைந்தபோது அங்கே இருந்தது நான், பேச்சி, ஒரு நாய், ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு புறா, இரண்டு கோழி. மாடு பாதி சுவரில் இருந்தது.

அவர் நாயிடமிருந்து பத்திரமான தூரத்தில் உட்கார்ந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பேச்சிதான் ஆரம்பித்தாள்.

"டீச்சர், முல்லையாறு எங்க போய்ச் சேருதுன்னு கேட்டீகள்ல? வைகையில."

"எப்ப கேட்டேன்?"

"பள்ளிக்கூடம் தொறந்த புதுசுல. பெறகு, இரவுக்கு எதிர்ச்சொல் கேட்டீக. பகல். பதினாறு எட்டு கேட்டீக. நூத்தியிருவத்தெட்டு. ஏன் லேட்டுன்னு ஒரு நாள் கேட்டீக. அன்னைக்கி எங்க ஆடு குட்டி போட்டுச்சு..."

ஜூனிலிருந்து நான் அவளிடம் கேட்ட அத்தனை கேள்விக்கும், கேட்ட வரிசையில், ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. எதிலும் பிழையில்லை. நான் மறந்துபோன கேள்விகளுக்கெல்லாம் பதில் வந்தது. வேலியோரத்திலிருந்து திரும்பிய பிள்ளைகள் சத்தம் போடாமல் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். சுவரிடம் பேசுகிறோம் என்று நான் சலித்துக்கொண்ட அத்தனை நாளும் இவள் ஒரு சொல்லைக்கூடக் கீழே விடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் மேசைமேல் கோழி.

"ஆரஞ்சு மிட்டாய் பிடிச்சிருக்கான்னு கேட்டீக" என்று முடித்தாள் பேச்சி. "பிடிச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். போகும்போது பல் பதிந்த குடையைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வேலைக்குப் பரிந்துரை பண்ணிடறேன். அடுத்த வருஷம் நான் வரும்போது மட்டும் தாவரங்கள் பாடம் எடுங்க."

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளிலிருந்து பேச்சி பேச ஆரம்பித்தாள். இரண்டு வருடத்துப் பாக்கி. நான் கரும்பலகையில் ஒரு வரி எழுதுவதற்குள் மூன்று சந்தேகம் கேட்பாள். "யானைக்கு ஏன் டீச்சர் முட்டி பின்னால மடங்குது?" என்பாள். நான் யோசிப்பதற்குள் "தெரியாதா டீச்சர்? பரவால்ல, நாளைக்குச் சொல்லுங்க" என்பாள். சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் கருவாயனோடு கூடவே வந்து பேசுவாள். பஸ் கிளம்பிய பிறகும் சன்னலோரம் ஓடிவந்து பேசுவாள். அந்தக் குரலை டிரைவர் ஹார்ன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். "வாயை மூடு" என்று ஒரு தடவைகூட அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. சொன்னால் மூடிவிடுவாளே! ஒவ்வொரு வாரமும் வேலையை விடத்தான் நினைத்தேன். ஆனால் நாளைக்கு யானை முட்டிக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் என்னைச் சும்மா விடவில்லை. கோம்பையிலிருந்து கம்பம் வரைக்கும் எனக்கு 'நாய் டீச்சர்' என்று பெயர் விழுந்தது. பஸ் கண்டக்டர் "நாய் டீச்சருக்கு எடம் விடுங்கப்பா" என்பார். மரியாதையாகத்தான் சொல்வார், அதுதான் கொடுமை.

இரண்டு வருடம் கழித்துப் போடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஏலக்காய் வியாபாரி. எதையும் விசாரிக்காமல் வாங்க மாட்டார். பள்ளிக்கூடத்துப் பக்கத்து டீக்கடையில் வந்து என் பெயரைச் சொல்லி, பெண் எப்படி என்று விசாரித்திருக்கிறார். டீக்கடைக்காரர் யோசித்துவிட்டுச் சொன்னாராம்:

"யாரு, நாய் டீச்சரா? தங்கமான பொண்ணுய்யா. ஆனா ஒண்ணு. அவுக கிளாசுக்குள்ள லேசுல யாரும் நொழைய முடியாது. நொழைஞ்சா வெளிய வர முடியாது."

மாமனார் வீட்டுக்குப் போய் இதை அப்படியே சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அப்படியும் வந்தார்.

இப்போது எங்களுக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில், யாராவது ஒரு புது மருமகன் அகப்பட்டுவிட்டால், என் வீட்டுக்காரர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். டீக்கடைக்காரர் சொன்னதைச் சொல்லி நிறுத்துவார். என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்.

"மொதப் பாதி பொய்" என்பார். "நான் ஒரு தடையும் இல்லாம நொழைஞ்சிட்டேன்."